யாழ்ப்பாணத்துப் பெரியகடை

மலர்க் குழுவினர் எம்மிடம் வந்து சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, நல்லூர் அரசரைப் பற்றியோ நாவலர் பெருமானைப் பற்றியோ எழுதித் தருவோம் என்று எண்ணியிருப்பார்கள். அப்பொருள்களை எழுதுவதற்கு எம்மிலும் தகுந்த பெரியோர் உளர். நாமோ கடைத்தெருவிலே வளர்ந்தவர்கள். தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு தீபாவளிக்குச் சீத்தைத் துணி வாங்கப் பெரியகடைக்குப் போன நாள்களே எமக்கு முதற் சரித்திர பாடம். ஆகவே யாழ்ப்பாண நகரத்தின் வியாபாரம் எப்படி உண்டாயிற்று, யார் யார் அதை நடத்தினர், அது எவ்வாறு நலிந்தது என்பவற்றை நாம் அறிந்த அளவில் இங்கே எழுதுகின்றோம்.

வெளியூரிலிருந்து வரும் ஒருவர் எமது நகரத்தின் பழைமையை அறிய விரும்பினால், அவரை முதலில் நூல்நிலையத்துக்கு அழைத்துச் செல்லவேண்டியதில்லை. தெருத்தெருவாக நடத்திக் கூட்டிச்சென்று ஊர்ப்பெயர்களை வாசிக்கச் செய்தாலே போதும். முத்திரைச் சந்தை, ஆனைப்பந்தி, தட்டாதெரு, கன்னாதிட்டி, சோனகதெரு, பறங்கித்தெரு, வண்ணார்பண்ணை, பெரியகடை, சின்னக்கடை என்னும் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு தொழிலையோ ஒரு சமூகத்தையோ காட்டி நிற்கின்றன. தட்டார் பொன்வேலை செய்வோர். கன்னார் செம்பும் பித்தளையும் வேலைசெய்வோர். அவர்கள் இருந்த திட்டியே கன்னாதிட்டி ஆயிற்று என்று கொள்ள இடமுண்டு. இன்று அங்கே நகைக்கடைகளே நிறைந்திருக்கின்றன. ஆனைப்பந்தியிலே இப்போது ஆனையும் இல்லை, பந்தியும் இல்லை. ஆனாற் பெயர் பொய் சொல்லவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

நல்லூர் இராசதானியாயிருந்த காலத்தில் வியாபாரம் கடலை நோக்கியே நடந்தது. அதற்கும் முன், பன்னிரண்டாம் நூற்றாண்டிலே, முதலாம் பராக்கிரமபாகு மன்னன் பொறிப்பித்த தமிழ்ச் சாசனம் ஒன்று நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் இருக்கின்றது. ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்திறங்கும் பரதேசிகளைக் காத்தல் வேண்டும் என்று அது விதிக்கின்றது. ஆனை குதிரை கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியவை. மற்றைச் சரக்குக் கொண்டுவரும் மரக்கலம் கெட்டாற் செம்பாதி. கடலிலே எல்லாவற்றையும் இழந்து கரையேறியவனிடம் மிஞ்சியதையும் பறித்துக்கொள்ளாமல் கணக்கிட்டுப் பங்கு வைத்த அந்த ஒழுங்கை நாம் பலமுறை வியந்ததுண்டு. சிங்கள மன்னன் ஒருவன் வடகரைத் துறைக்குத் தமிழிலே சாசனம் எழுதுவித்ததும் கவனிக்கத்தக்கது. வியாபாரம் நடக்கவேண்டுமாயின் வியாபாரியின் பாஷையிலே பேசவேண்டும் என்பதை அவன் அறிந்திருந்தான்.

1344ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்த அரபு யாத்திரிகர் இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு அவரிடம் முத்துக்கள் குவிந்திருந்ததையும் அவருடைய கப்பல்கள் யேமன் தேசம் வரை சென்றதையும் எழுதியுள்ளார். அவ்வரசர்கள் ‘சேது’ என்னும் மொழி பொறித்த நாணயங்களை வெளியிட்டனர். முத்து, சங்கு, ஆனை என்னும் மூன்றுமே அக்காலத்து ஏற்றுமதிகளில் முதன்மையானவை. 1619இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைப் பிடித்தபின் நல்லூர் தலைமை இழந்தது. கடற்கரையில் அவர்கள் கட்டிய கோட்டையைச் சுற்றி யாழ்ப்பாணப்பட்டினம் எழுந்தது. போர்த்துக்கேயர் காலத்தைப் பற்றி வியாபார விஷயமாக நல்லது சொல்ல எமக்கு அதிகமில்லை. வாங்கியதிலும் பறித்ததே அதிகம்.

1658இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் வேறு வகையினர். அவர்கள் வந்ததே வியாபாரத்துக்காக. நாட்டை ஆண்டதும் ஒரு கொம்பனி. வன்னியிலிருந்து திறையாகவும் வேட்டையாகவும் கிடைத்த ஆனைகள் ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டன. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த வணிகர்கள் அவற்றை வாங்கினர், ஊர்காவற்றுறையிலே கப்பலேற்றினர். ஆனைப்பந்தி என்ற பெயர் அந்நாளைய ஆனைகளை நினைவூட்டுவது. ஒல்லாந்தர் சாயவேர் கிண்டுவித்தனர். நெசவையும் சாயத் தொழிலையும் வளர்த்தனர். பனைமரத்தைச் சலாகையாக்கி ஏற்றுமதி செய்வித்தனர். சங்கு வங்காளத்துக்குப் போய் அங்குள்ள பெண்களின் கைவளையாயிற்று. கோட்டைக்கு வடக்கே, அவர்களுடைய மதில்களுக்கு வெளியே, உள்ளூர் வணிகர்களும் கைத்தொழிலாளரும் கூடியிருந்த இடமே வண்ணார்பண்ணையும் பெரியகடையும் ஆகும். கோட்டைக்குள் அதிகாரம் இருந்தது. சனங்களுக்கு வேண்டிய சாமான் மதிலுக்கு வெளியே இருந்தது.

அக்கடைத்தெருவிற் சேர்ந்த செல்வம் எப்படிச் செலவாயிற்று என்பதற்கு இன்றும் நிற்கும் சான்று வண்ணை வைத்தீசுவரன் கோயில். ஒல்லாந்தர் ஆட்சியின் கடைசிக் காலத்திலே, 1790ஆம் ஆண்டளவில், வைத்திலிங்கச் செட்டியார் என்னும் வணிகர் அதைக் கட்டுவித்தார். சைவக் கோயில்கள் இடிக்கப்பட்ட காலம் ஒன்று கழிந்து, அதே கொம்பனியின் கண்முன்னே கற்றளி எழும்பியதென்றால், அதற்கு அச்செட்டியாருடைய பக்தி மாத்திரமன்று, அதிகாரிகளும் மதிக்கவேண்டியிருந்த அவருடைய வியாபார நிலையும் காரணமாகும். 1848இல் நாவலர் பெருமான் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் வண்ணார்பண்ணையிலேயே. 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அவர் கஞ்சித்தொட்டி வைத்துச் சனங்களைக் காத்தபோது கைகொடுத்தவர்களுள் செட்டிமாரும் இருந்தனர்.

இனிப் புகையிலையைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தை யாழ்ப்பாணமாக்கியது புகையிலை என்றால் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆனால் எமது முன்னோர் கட்டிய கல்வீடுகளும், கோயில்களுக்குச் செய்த திருப்பணிகளும், பிள்ளைகளைப் படிப்பித்த பணமும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் விடை அந்த இலையிலேதான் முடியும். ஆறில்லாத செம்மண் பூமியிலே கிணறு வெட்டித் துலா மிதித்து இறைத்து, ஆட்டெருவும் மாட்டெருவும் குழையும் தாழ்த்து, ஒவ்வொரு கன்றையும் பிள்ளைபோல வளர்த்த பயிர் அது. கெட்டு நுள்ளி, முற்றிய இலையை வெட்டி, வாடவிட்டுப் புகைபோட்டு, சிப்பமாகக் கட்டும்வரை குடும்பம் முழுவதும் உறங்காது. அச்சிப்பம் தோணியிலேறித் திருவிதாங்கூருக்குப் போயிற்று. இன்றும் மலையாளத்தார் நல்ல வெற்றிலைப் புகையிலையைக் குறிக்க எமது ஊர்ப்பெயரையே திரித்து வழங்குவர் என்பது அறிந்தோர்க்குச் சிரிப்பும் பெருமையும் தருவது.

ஒரே சந்தையை நம்பியிருத்தல் ஆபத்து என்பதையும் அப்புகையிலையே கற்பித்தது. திருவிதாங்கூர் அரசாங்கம் புகையிலை விற்பனையைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்திலே, அங்கே விலையைக் குறைத்தால் இங்கே அடுப்பு எரியாது. இடையில் நின்ற தரகர் கையிலே தோட்டக்காரன் அகப்பட்டான். இதற்கு மருந்தாகவே 1934இல் யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைக்கப்பட்டது. தோட்டக்காரர் தாமே ஒன்றுகூடித் தமது சரக்கைத் தாமே விற்கலாம் என்பதை எமது நாட்டிலே முதன்முதலிற் காட்டிய முயற்சிகளுள் அது ஒன்று. ஆனால் இந்தியா சுதந்திரமடைந்தபின் தீர்வையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் வந்து மலையாளத்து வியாபாரத்தை மெல்ல மெல்ல நெரித்தன.

மற்றொரு வகைப் புகையிலை சுருட்டாயிற்று. கொக்குவிலிலும் கொண்டாவிலிலும் வண்ணார்பண்ணையிலும் இருந்த சுருட்டுக் கொட்டில்களைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதலாம். வரிசையாக அமர்ந்து தொழிலாளர் கை ஓயாமற் சுருட்ட, ஒருவர் மாத்திரம் சுருட்டாமல் பத்திரிகையை உரத்து வாசிப்பார். ‘ஈழகேசரி’யும் ‘வீரகேசரி’யும் தொடர்கதைகளும் அங்கே அரங்கேறின. எழுத்தறியாதவரும் உலகப்போரின் நிலவரத்தை விவாதித்த இடம் அது. நமது வாசிகசாலைகளுக்கும் வாலிபர் சங்கங்களுக்கும் சுருட்டுக் கொட்டில் ஒரு மூத்த தமையன் என்று நாம் சொன்னால், வயதான அங்கத்தவர்கள் மறுக்கமாட்டார்கள். அங்கே சுற்றிய சுருட்டு அதிகம் விற்பனையானது தென்னிலங்கையிலேயே. காலி, மாத்தறை, குருநாகல், அனுராதபுரம் என்று எந்தச் சிங்கள ஊருக்குப் போனாலும் சந்தியில் ஒரு யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கடை இருந்தது. கடை முதலாளி அங்கே சிங்களம் பேசுவார். வருஷத்தில் இரண்டு தரம், நல்லூர்த் திருவிழாவுக்கும் சித்திரைக்கும், ஊருக்கு வருவார்.

அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது புகையிரதம். 1902ஆம் ஆண்டு காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஊடாகச் சாவகச்சேரி வரை தண்டவாளம் போடப்பட்டது. 1905இல் அது தென்பகுதிப் பாதையோடு இணைந்தது. அதற்குமுன் கொழும்புக்குப் போவோர் கடல்வழியாகவோ, நாட்கணக்கில் வண்டிப் பாதையாலோ போகவேண்டியிருந்தது. புகையிரதம் வந்தபின் கறுத்தக் கொழும்பான் மாம்பழமும் கருவாடும் சுருட்டும் பனங்கட்டியும் தெற்கே போயின. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய அரிசியும் மாவும் சீனியும் சீமைத் துணியும் வடக்கே வந்தன. வள்ளங்களின் காலம் மங்கத் தொடங்கிற்று. ஆயினும் வல்வெட்டித்துறையார் கப்பற் கலையை எளிதிற் கைவிடவில்லை. அங்கே கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு 1938இல் அமெரிக்கக் கரையை அடைந்த செய்தியை அறியாத வாலிபர் எவரும் இருக்கலாகாது.

பணம் வந்த வழிகளுள் மலாயாவையும் மறக்கக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி எமது வாலிபர் அங்கே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்து மாதந்தோறும் மணியோடர் அனுப்பினர். தபாற்காரன் வரும் நாளைப் பார்த்தே பெரியகடைப் புடவை வியாபாரிகள் சரக்கெடுத்தார்கள் என்று எமது தந்தையார் சொல்வதுண்டு. 1942இல் யப்பானியர் மலாயாவைப் பிடித்தவுடன் அந்த மணியோடர் ஒரேயடியாக நின்றுபோயிற்று. மலாயன் கபேயில் வாழையிலையில் உண்ணும் இன்றைய இளைஞருக்கு, ‘மலாயன்’ என்ற சொல் ஒருகாலத்தில் இவ்வூரில் எவ்வளவு மதிப்புடையதாயிருந்தது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

கடன் கொடுத்தவர்கள் யார்? பெரிய தொகைக்கு நாட்டுக்கோட்டைச் செட்டிமார். சிறு தொகைக்கு நகை அடைவு. அதற்கும் கீழே பெண்கள் பிடித்த சீட்டு. 1930ஆம் ஆண்டை அடுத்த உலக வியாபார மந்தத்தில் செட்டிமாரின் கை தளர்ந்தது. யுத்த காலத்துப் பங்கீட்டு முறையோடு ஊர்தோறும் சங்கக்கடைகள் தோன்றின. கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற எம் தலைமுறையினர் சங்கக்கடையை எள்ளி நகையாடியதும் உண்டு. ஆனால் கறுப்புச் சந்தைக்காரனிடமிருந்து ஏழையைக் காத்தது அதுவே.

பழைய கடையின் உள்ளமைப்பை இளைஞருக்குச் சொல்லவேண்டும். முன்னே பலகைக் கதவுகள். இலக்கமிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்குவார்கள். உள்ளே பெட்டகமும் மெத்தைப் பலகையும். முதலாளி சம்மணமிட்டு இருப்பார், நெற்றியிலே திருநீறு. காலையில் சாம்பிராணிப் புகை காட்டிக் கைவிசேட நாள் தொடங்கி வைத்த கொப்பியைத் திறப்பார். அதன் தலையிலே பிள்ளையார் சுழியும் ‘இலாபம்’ என்ற சொல்லும் இருக்கும். நெல்லோ அரிசியோ அளக்கும்போதும் ஒன்று என்று சொல்லமாட்டார். ‘இலாபம்’ என்றே முதற் கொத்தை எண்ணுவார். கொத்து, சுண்டு, இறாத்தல், அந்தர், யார் என்று அளவைகள் பலவகை. 1872இல் ரூபாயும் சதமும் நடைமுறைக்கு வந்தபின்பும் பழைய கிழவர்கள் பணம், இறைசால் என்றே நீண்டகாலம் பேசினார்களாம். விற்ற முதலிலே மகமை என்று ஒரு சிறு தொகையைக் கோயிலுக்கு எடுத்து வைப்பர். விஜயதசமியன்று தராசுக்கும் படிக்கல்லுக்கும் சந்தனம் சாத்துவர். தராசைப் பூசித்த கையாலேயே தராசைச் சாய்த்தவர்களும் இருந்தார்கள், அதை மறைப்பானேன்? ஆனால் அப்படிப்பட்டவர் யார் என்பது தெருவுக்குத் தெரியும், அவரிடம் வாங்குவோர் இரட்டிப்பாய்க் கவனிப்பர்.

கடைத்தெருவின் பெருமைகளைப் பேசும் நாம் அதன் பழியையும் பேசவேண்டும். பெரியகடையிலே காசுக்குச் சாதி இல்லை, வாங்குகிறவனுக்கு இருந்தது. தேநீர்க்கடைகளிலே சிலர் உள்ளே வாங்கிலில் அமர்ந்து கிளாசிற் குடிப்பர். சிலருக்கு வெளியே போத்தலிலும் தகரப் பேணியிலும் சிரட்டையிலும் ஊற்றினார்கள். இதை நாம் கண்ணாற் கண்டிருக்கின்றோம். கண்டும் உள்ளே இருந்து குடித்தோம். சிறுபான்மைத் தமிழர் மகாசபையார் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகப் போராடினர். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் வந்த மறுநாளே மனம் வந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தின்மேற் பொலிசார் அடித்தனர். அதன் பின்னரும் கிராமத்துக் கடைகளில் உயிர்கள் பலியாகியே அந்த வாங்கிலில் இடம் கிடைத்தது. சைவ இளைஞர் சங்கங்கள் அப்போது என்ன செய்தன என்ற கேள்விக்கு, சில நன்றாகச் செய்தன, பல பேசாதிருந்தன என்பதே நேர்மையான விடை.

எழுபதுகளின் முற்பகுதியைப் பற்றி நல்வார்த்தை சொல்ல வேண்டும். அந்நாளைய அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்ததனால் எமது தோட்டக்காரருக்கு அதிர்ஷ்டம் பிறந்தது. துலா நின்ற கிணறுகளில் நீரிறைக்கும் யந்திரம் முழங்கிற்று. பெரியகடையிலே உழவு யந்திர உதிரிப்பாகங்களும் உரமும் மருந்தும் விற்கும் கடைகள் பெருகின. நகைக்கடைகளில் தோட்டக்காரர் கூட்டம் நெருங்கிற்று. மறுபக்கம், பாணுக்கு வரிசையில் நின்ற காலமும் அதுவே. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டு வெங்காயமும் வந்தது. தோட்டக்காரன் பின்னும் பழையபடி ஆனான்.

பிறகு நடந்தவை எல்லோரும் அறிந்தவை. ஆனாற் கடைத்தெருவின் பக்கத்திலிருந்து அவற்றைச் சொல்வார் குறைவு. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் தென்னிலங்கையில் நிகழ்ந்த வன்செயல்களில் அந்தச் சந்தியோரச் சுருட்டுக்கடைகள் எரிந்தன. அரை நூற்றாண்டு தேடியதை இழந்து, உடுத்த வேட்டியோடு கப்பலில் வந்திறங்கிய முதலாளிமாரை நாம் அறிவோம். 1981 மே 31ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாண நகரிலே பொலிசார் கடைகளையும் சந்தையையும் ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயத்தையும் கொளுத்தினர். பூபாலசிங்கம் புத்தகசாலையும் அந்நாள்களிலேயே எரிந்தது. மறுநாள் இரவு பொதுசன நூல்நிலையத்தின் 97,000 நூல்கள் சாம்பலாயின. நூல்நிலையத்தை உலகமெல்லாம் பேசிற்று, பேசியது நியாயமே. கடைகளில் எரிந்த கணக்குக் கொப்பிகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எமது நகரத்தின் நூறு ஆண்டு வியாபார சரித்திரம் அந்தக் கொப்பிகளிலேயே இருந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டது. யூன் மாதம் முதல் செப்ரெம்பர் மாதம் வரை கோட்டையைச் சுற்றி நடந்த முற்றுகையிலே பெரியகடை எறிகணைக்கும் குண்டுக்கும் நடுவே அகப்பட்டு இடிந்தது. பிழைத்த கடைக்காரர்கள் நகரத்தின் உட்பகுதிகளுக்கும் திருநெல்வேலிப் பக்கத்துக்கும் பெயர்ந்து கொட்டிலிலே கடைவைத்தார்கள். பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் மின்கலமும் அருமையாயின. ஜாம் போத்தலிலே சிறு திரியிட்ட விளக்கு வீடுதோறும் எரிந்தது; பனம்பழத்தாலே துணி தோய்த்தோம்; இரண்டு துளி பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சயிக்கிள்கள் புகைவிட்டன. இத்தனைக்கும் ஊடே, திருத்தித் தரவும் மாற்றுச் செய்து தரவும் ஒரு கடைக்காரன் எங்கேனும் இருந்தான். கொள்ளை இலாபம் அடித்தவனும் இருந்தான்.

அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகளால் ஆணையிடப்பட்டனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் அம்மாதத்தில் வெளியேற்றப்பட்டனர். சிறுதொகைப் பணமும் உடுத்த உடையுமே கொண்டுபோக விடப்பட்டன. சோனகதெருவும் ஐந்துசந்தியும் வெறிச்சோடின. எமது வீடுகளுக்கு ஆணியும் சீமெந்தும் தந்த இரும்புக்கடைக்காரரும், எமது கலியாணங்களுக்குச் சட்டை தைத்த தையற்காரரும், பழைய இரும்பு வாங்கியவர்களும் ஒரே பகலில் இல்லாமற் போனார்கள். இந்நகரத்தின் வியாபாரம் இந்துக்களால் மாத்திரம் வளர்க்கப்பட்டதென்று எழுதுவோர் சிலரை இப்போது காண்கின்றோம். அது பொய். மரக்கலம் கெட்டவனுக்கும் மூன்று பங்கு கொடுத்த ஊராத்துறைச் சாசனத்தை இம்மலரிலே பெருமையாக எழுதிய எமக்கு, அந்த இரண்டு மணி நேரத்தை எழுதாமல் விடக் கை வரவில்லை. அன்று நாம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தோம்.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி, நாமும் வெளியேறினோம். மழையிலே, நாவற்குழிப் பாலத்தை நோக்கி, இலட்சக்கணக்கானோர் நடந்தோம். அன்றுதான் எமக்குச் சில விஷயங்கள் விளங்கின.

1996இல் மீண்டபோது கடைகளுக்குக் கூரையில்லை, கதவில்லை. கப்பலிற் சாமான் வரும். வந்த விலைக்கு வாங்கவேண்டும். 2002இல் ஏ-9 பாதை திறந்தது, 2006இல் மூடிற்று, 2009இல் போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. 2014 ஒக்டோபரில் புகையிரதம் இருபத்துநாலு ஆண்டுகளுக்குப் பின் யாழ்ப்பாண நிலையத்தில் வந்து நின்றபோது முதியவர்கள் அழுதார்கள். பாதையோடு வந்தவை வேறு பல. கொழும்பின் பெரிய கொம்பனிகள் பல்பொருள் அங்காடி திறந்தன. தவணைக்கு மோட்டார் வண்டி கொடுக்கும் நிதி நிறுவனங்கள் காங்கேசன்துறை வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் வரிசையாயின. பழைய செட்டியாரின் வட்டியைக் குறைகூறிய நாம் இப்போது அச்சிட்ட பத்திரத்தில் கையொப்பமிட்டு அதைக் காட்டிலும் எவ்வளவு கட்டுகின்றோம் என்று கணக்குப் பார்ப்பதில்லை. சில முஸ்லிம் குடும்பங்கள் திரும்பி வந்து கடை திறந்திருக்கின்றன. பலருடைய பிள்ளைகளுக்குப் புத்தளமே ஊராகிவிட்டது. எமது பிள்ளைகளுக்கோ ரொறன்ரோவும் இலண்டனும். பெரியகடையிலே மறைந்த கடைப்பெயர்கள் சில அந்நகரங்களிலே மின்விளக்குப் பலகையில் எரிவதாகப் போய்வந்தோர் சொல்கின்றனர்.

இக்கட்டுரைக்காகச் செய்தி திரட்டப் போனபோது, இப்போது மூடிக்கிடக்கும் ஒரு பலசரக்குக் கடைக்காரரின் மகன் எம்மை வீட்டுக்கு அழைத்து ஒரு கணக்குக் கொப்பியைக் காட்டினார். 1995இல் ஊரைவிட்டு நடந்தபோது அவருடைய தந்தையார் சயிக்கிளிலே அரிசிப் பையோடு அதையும் கட்டிக்கொண்டு போனாராம். தலையிலே பிள்ளையார் சுழி. கீழே கடன்காரர் பெயர்களும் தொகையும். தீர்ந்த கணக்கைக் குறுக்கே கோடிழுத்து அடித்திருக்கிறார். நடுவிலே ஏழெட்டுப் பெயர்கள் அடிக்கப்படவில்லை; எல்லாம் சோனகதெருவைச் சேர்ந்தவர்கள்; எல்லாவற்றுக்கும் கடைசித் திகதி 1990 ஒக்டோபர். பெரிய தொகை ஒன்றுமில்லை, அரிசியும் சீனியும் வாங்கிய கடன். வராத கடன் என்று எழுதித் தள்ளியிருக்கலாமே என்று கேட்டோம். அவர்கள் கொடுக்கமாட்டோம் என்று போகவில்லையே என்று தந்தையார் சொல்வாராம். கொப்பியைப் பழைய துணியிற் சுற்றி அவர் மறுபடியும் பெட்டகத்துக்குள் வைத்தார்.